நீரியல் அறிமுகம்: கடலூர், புதுச்சேரி சிவில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீர்ச் சுழற்சியை ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். பொறியியலில் அதையே மறுபடி ஏன்?

பள்ளியில் படித்தது படம். கடல், மேகம், மலை, ஆறு, நடுவே அம்புக்குறிகள். இங்கே ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணுக்கு மூன்று துணை வேண்டும்: எந்த எல்லைக்குள், எவ்வளவு காலத்துக்கு, எந்த அலகில். இந்த மூன்றும் இல்லாத எண்ணை வைத்து ஒரு சிறுபாலம்கூடக் கட்ட முடியாது.

அடிப்படைச் சமன்பாடு ஒன்றுதான். உள்ளே வந்த நீர் கழித்தல் வெளியேறிய நீர் சமம் இருப்பில் ஏற்பட்ட மாற்றம். வரவு என்பது மழை, வரத்து வாய்க்கால், நிலத்தடியில் கசிந்து வருவது. செலவு என்பது ஆவியாதல், செடிகொடிகளின் நீராவிப்போக்கு, மதகு, கலங்கல், கீழே கசிவது. தேர்விலும் திட்ட அறிக்கையிலும் தவறுகிறவர்களில் பெரும்பாலோர் சூத்திரத்தில் தவறுவதில்லை. எல்லை, காலம், அலகு ஆகிய மூன்றில் ஒன்றை மறந்து தவறுகிறார்கள்.

அலகுகள்தான் குழப்புகின்றன. மழை மில்லிமீட்டரில், அணை டி.எம்.சி.யில், ஆறு கன அடியில். எப்படி ஒன்றாக்குவது?

மனப்பாடமாக இருக்க வேண்டியவை: ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10 கன மீட்டர். ஒரு சதுர கி.மீ.யில் 1 மி.மீ. என்றால் 1,000 கன மீட்டர். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர். விநாடிக்கு 1 கன மீட்டர் என்பது 35.3 கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. புதுச்சேரிப் பகுதியின் பரப்பு சுமார் 294 சதுர கி.மீ. முழுப் பரப்பிலும் 45 செ.மீ. பெய்ததாக வைத்துக்கொண்டால் 450 × 294 × 1,000 = 13.23 கோடி கன மீட்டர். ஏறத்தாழ 4.7 டி.எம்.சி. வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. மூன்று வீராணத்தை நிரப்பி மீதியும் இருக்கும் தண்ணீர் ஒரே நாளில் விழுந்ததாகக் கணக்கு சொல்கிறது.

ஆனால் 'முழுப் பரப்பிலும் பெய்ததாக வைத்துக்கொண்டால்' என்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு மழைமானியின் அளவு ஒரு புள்ளியின் அளவு. பரப்பு கூடக்கூடப் பரப்புச் சராசரி அதைவிடக் குறைந்துகொண்டே போகும். மேலே வந்த 4.7 ஒரு மேல்வரம்பு மட்டுமே.

மழைமானியை எங்கே, எப்படி வைக்க வேண்டும்? நாள்கணக்கு ஏன் எட்டரை மணிக்கு மாறுகிறது?

கல்லூரி வளாகங்களில் அதிகம் காணும் சைமன்ஸ் மழைமானியின் வாய் விட்டம் 127 மி.மீ. விளிம்பு தரையிலிருந்து 305 மி.மீ. உயரத்தில், துல்லியமாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். மொட்டை மாடியில் வைப்பது வசதி, ஆனால் தவறு. மாடி விளிம்பில் காற்று எகிறி மழைத்துளியை வாய்க்கு மேலாக அடித்துக்கொண்டு போகும், அளவு குறைவாகவே வரும். புயல் மழையில் இந்தக் குறை இன்னும் பெரிது.

உள்ளே இருக்கும் போத்தல் 75 முதல் 100 மி.மீ. வரைதான் கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காலையில் ஒரு தடவை மட்டும் அளப்பேன் என்றால் போத்தல் வழிந்துவிடும். கனமழை நாளில் நடுநடுவே எடுத்து அளந்து, கடைசியில் கூட்ட வேண்டும். அளவுக் குவளை அந்த மானிக்கே உரியதா என்றும் பாருங்கள். வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ. உள்ள கண்ணாடியிழை மானிக்கான குவளையைச் சைமன்ஸ் மானிக்குப் பயன்படுத்தினால் எல்லா அளவும் ஒரே விகிதத்தில் தவறும். பட்டியலைப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தியா முழுவதும் காலை 8.30-க்குத்தான் வாசிப்பு. முந்தைய நாள் 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் பதிவாகும். நவம்பர் 30 இரவு பெய்த மழை டிசம்பர் 1-ஆம் தேதிக் கணக்கில் நிற்பது இதனால்தான். ஆற்றின் ஓட்ட அளவு நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை தொகுக்கப்பட்டிருந்தால், இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது 'மழைக்கு முன்பே வெள்ளம் வந்த' விசித்திரம் தெரியும். தேதியைச் சரிசெய்தால் விசித்திரம் போய்விடும்.

செய்தியில் சொல்லும் 'கனமழை', 'மிகக் கனமழை' என்பதற்கு அளவு உண்டா?

உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் 'மழை நாள்'.

பல மானிகளின் சராசரியைச் சாதாரணமாகக் கூட்டி வகுத்தால் போதாதா?

மானிகள் சீராகப் பரவியிருந்து, நிலமும் சமதளமாக இருந்தால் போதும். இல்லையென்றால் தீசன் பலகோண முறை: பக்கத்து மானிகளை நேர்கோட்டால் இணைத்து, அக்கோடுகளுக்குச் செங்குத்து இருசமவெட்டிகள் வரைந்து, ஒவ்வொரு மானிக்கும் உரிய பரப்பைப் பிரித்து, பரப்பால் எடையிட்டுச் சராசரி. புயல் மழை கரையோரம் ஒட்டிப் பெய்து உள்ளே போகப்போகக் குறையும்போது சம மழைக் கோடுகள் வரைவது இன்னும் நல்லது. ஆனால் அது வரைபவரின் கையைப் பொறுத்தது. இருவர் வரைந்தால் இரண்டு விடை வரும்.

வடிநிலத்தின் (ஒரு புள்ளிக்குத் தண்ணீர் வடிந்துவரும் பரப்பின்) எல்லையை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது?

எந்தப் புள்ளியில் ஓட்டத்தைக் கணக்கிடப் போகிறீர்களோ அங்கிருந்து தொடங்கி, சம உயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டி, மேட்டு முகடுகள் வழியே சென்று அதே புள்ளிக்குத் திரும்ப வேண்டும். மலைப்பாங்கான இடத்தில் இது எளிது.

கடலூர்க் கரையோரத்தில் இதே முறை கைவிட்டுவிடும். 1:50,000 வரைபடத்தில் உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. பாகூர், ரெட்டிச்சாவடி, பரங்கிப்பேட்டைப் பக்கம் பல கி.மீ. போனாலும் ஒரு கோடுகூடக் குறுக்கிடாது. செயற்கைக்கோள் உயர மாதிரிகளிலும் சில மீட்டர் பிழை உண்டு. அங்கே நிலத்தின் சரிவே அந்த அளவுதான் என்றால், கணினி வரையும் எல்லைக்குப் பொருள் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் உண்மையான எல்லை சாலைக் கரை, ரயில் கரை, வாய்க்கால் கரை. எந்தக் குழாய்ப்பாலம் வழியே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஒரு தடவை நடந்தால், கோடையில் நான்கு தடவை நடப்பதைவிட அதிகம் தெரியும்.

ஏரியில் ஆவியாகும் நீரை எப்படி அளப்பது?

நேரடியாக அளக்க முடியாது. ஆவியாதல் தொட்டியில் அளந்து, தொட்டி அளவை ஏரி அளவாக மாற்றும் கெழுவால் பெருக்குகிறோம். அமெரிக்க வகுப்பு-ஏ தொட்டியின் விட்டம் 1,207 மி.மீ., கெழு சுமார் 0.7. இந்தியத் தரத் தொட்டி 1,220 மி.மீ. விட்டம், செம்புத் தகடு, மேலே கம்பி வலை. வலை இருப்பதால் ஆவியாதலே குறைகிறது, அதனால் கெழு சுமார் 0.8. எந்தத் தொட்டி என்று பார்க்காமல் 0.7 போடுவது வழக்கமான பிழை.

ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பு நிரம்பிய நிலையில் சுமார் 8 சதுர கி.மீ. கோடை நாள் ஒன்றில் வகுப்பு-ஏ தொட்டியில் 7 மி.மீ. குறைந்ததாகக் கொள்வோம். ஏரியில் 4.9 மி.மீ. அப்படியானால் நாளுக்கு 39,200 கன மீட்டர். சித்திரையில் ஏரி அந்த அளவு நிரம்பியிருக்காது, பரப்பு சுருங்கியிருக்கும், ஆகவே அந்தந்த மாதத்தின் பரப்பையே போட வேண்டும். மழை நாளில் தொட்டி வழிந்துவிட்டால் அன்றைய பதிவைத் தள்ளிவிடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

ஒரே மழைக்கு ஓரிடத்தில் தண்ணீர் ஓடுகிறது, இன்னோரிடத்தில் காணாமல் போகிறது. ஏன்?

ஊடுருவும் திறன் வேறு. கேப்பர் மலை, நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகள் கடலூர் மணற்கல் படிவத்தின் மேல் இருப்பவை. முந்திரியும் பலாவும் நிற்கும் நிலம். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து டெல்டாக் களிமண் நனைந்து ஊதியதும் வாயை மூடிக்கொள்ளும்.

அளக்க இரட்டை வளைய ஊடுருவல் மானி. உள்வளையம் 30 செ.மீ., வெளிவளையம் 60 செ.மீ. விட்டம். இரண்டையும் மண்ணில் 15 செ.மீ. அளவுக்கு நேராக இறக்கி, இரண்டிலும் 5 செ.மீ. உயரம் தண்ணீர் நிறுத்தி, உள்வளையத்தில் எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் குறிக்க வேண்டும். வெளிவளையத் தண்ணீர் பக்கவாட்டுக் கசிவைத் தடுப்பதற்கு. அது வற்றினால் உள்ளே உள்ள அளவு கூடிவிடும். முதலில் வேகம் அதிகமாக இருந்து, பிறகு படிப்படியாகக் குறைந்து ஒரு நிலையான மதிப்பில் நிற்கும். ஹார்ட்டன் சமன்பாடு சொல்வது இந்த இறக்கத்தைத்தான். அரைமணியில் எழுந்துவிடாதீர்கள். களிமண்ணில் நிலையான மதிப்பு வர இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். வளையத்தைச் சுத்தியலால் கோணலாக அடித்து இறக்கினால் ஓரத்தில் விரிசல் விட்டு, களிமண்கூட மணல் போலக் குடிக்கும்.

வழிந்தோட்டத்தைக் கணக்கிட வளைவு எண் முறையை எப்படிப் பயன்படுத்துவது?

மண் வகை, நிலப் பயன்பாடு ஆகியவற்றைப் பார்த்து அட்டவணையிலிருந்து வளைவு எண்ணை (நிலம் மழையை எவ்வளவு ஓடவிடும் என்று காட்டும் எண்) எடுக்க வேண்டும். 25,400-ஐ அந்த எண்ணால் வகுத்து 254-ஐக் கழித்தால் மண் பிடித்துவைக்கும் உச்ச அளவு மில்லிமீட்டரில் வரும். தொடக்க இழப்பை (ஓட்டம் தொடங்கும் முன்பே போய்விடும் மழை) அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று எடுப்பது அமெரிக்க வழக்கம். இந்திய மண்ணுக்கு 0.1 அல்லது 0.3 என்று மண்ணைப் பொறுத்து வேறு விகிதங்களும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்தால், மழையிலிருந்து தொடக்க இழப்பைக் கழித்து, வர்க்கமாக்கி, அதை மழையும் 0.8 பங்கு பிடிப்பளவும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வழிந்தோட்டம்.

150 மி.மீ. மழைக்குப் போட்டுப் பார்ப்போம். வளைவு எண் 60 என்றால் வழிந்தோட்டம் 47 மி.மீ. எண் 80 என்றால் 94 மி.மீ. மழை மாறவில்லை, ஓட்டம் இரட்டிப்பு.

இந்தப் பகுதிக்கு முக்கியமானது இனிமேல்தான். அட்டவணையில் உள்ள எண் நடுத்தர ஈரநிலைக்கு. நமக்கு ஆண்டு மழை 1,200 முதல் 1,300 மி.மீ. அளவில், அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். பெரிய புயல் மழை வரும் நவம்பர், டிசம்பரில் மண் ஏற்கெனவே ஊறிப்போய் இருக்கும். பயிர் நிற்கும் காலத்தில் முந்தைய ஐந்து நாள் மழை 53 மி.மீ.க்கு மேல் போனால் ஈரநிலை மூன்றுக்கு (ஊறிய மண்ணுக்கான நிலை) மாற்ற வேண்டும். 80 என்ற எண் அப்போது சுமார் 90 ஆகும். அதே 150 மி.மீ.க்கு வழிந்தோட்டம் 94-லிருந்து 121 மி.மீ.க்கு ஏறும். நடுத்தர நிலைக்கான எண்ணை வைத்து வடிவமைத்த வடிகால் கார்த்திகையில் தோற்பதற்கு இந்த 27 மி.மீ. போதும்.

பகுத்தறி சூத்திரத்தை எப்போது பயன்படுத்தலாம்?

சிறிய வடிநிலத்துக்கு, குறிப்பாக நகர வடிகாலுக்கு. 50 சதுர கி.மீ. மேல்வரம்பு என்று நூல்கள் சொல்லும், நகரத்தில் அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது. உச்ச ஓட்டம் (விநாடிக்குக் கன மீட்டர்) = வழிந்தோட்டக் கெழு × மழைச் செறிவு (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360.

20 ஹெக்டேர் குடியிருப்பு, கெழு 0.7, செறிவு மணிக்கு 60 மி.மீ. என்றால் 2.33 கன மீட்டர். கணக்கு எளிது. சிக்கல் அந்த 60-ஐ எங்கிருந்து எடுப்பது என்பதில். ஒரு நாள் மழையை 24-ஆல் வகுத்துப் போடக் கூடாது. 450 மி.மீ. பெய்த நாளின் சராசரியே மணிக்கு 18.75 மி.மீ.தான். செறிவு என்பது நீர் திரளும் காலத்துக்குரிய செறிவு, அதாவது வடிநிலத்தின் கடைக்கோடித் துளி வடிகால் வாய்க்கு வந்துசேரும் நேரத்துக்குரியது. கிர்பிச் சூத்திரப்படி 800 மீட்டர் நீளம், ஆயிரத்துக்கு ஒன்று சரிவு என்றால் சுமார் 48 நிமிடம். அந்த 48 நிமிடத்துக்கான செறிவைச் செறிவு-கால-நிகழ்வு வளைவிலிருந்து (எவ்வளவு நேரத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு ஒரு தடவை, எவ்வளவு செறிவு என்று காட்டும் வளைவு) எடுக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சூத்திரம் வடிகால் வாய் திறந்து ஓடும் என்று எண்ணிக்கொள்கிறது. கடல்மட்டம் ஏறி வாய் முழுகியிருந்தால் இந்த எண்ணுக்குப் பயனில்லை.

ரைவ்ஸ் சூத்திரம் இன்னும் பாடத்தில் ஏன் இருக்கிறது?

அது தென்னிந்தியாவுக்காகவே, அன்றைய சென்னை மாகாணத்தில் உருவானது. உச்ச வெள்ளம் = கெழு × பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கு. கிழக்குக் கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் கெழு 6.8. 80 முதல் 160 கி.மீ. வரை 8.5. மலையடிவாரச் சிறு பகுதிகளுக்கு 10.2. கடலூர் மாவட்டத்தின் கரையோர வட்டாரங்கள் 6.8-க்குள் வரும். 64 சதுர கி.மீ. வடிநிலத்துக்கு 6.8 × 16 = விநாடிக்கு 108.8 கன மீட்டர். மழையளவும் மண்ணும் திரும்ப நிகழும் காலமும் (எத்தனை ஆண்டுக்கு ஒரு தடவை என்பது) இதில் எங்கும் இல்லை. பழைய ஏரிக் கலங்கல்களைச் சரிபார்க்க, வேறு முறையில் வந்த விடை கண்டபடி தவறா என்று உரசிப் பார்க்க உதவும். புதிய வடிவமைப்புக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

கடலூரில் மழை விட்ட பிறகும் வெள்ளம் ஏறுவது ஏன்?

எல்லையைப் பெரிதாக வரைந்தால் விடை தெரியும். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தொடங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, தாழங்குடா அருகே கடலில் சேர்கிறது. வடிநிலம் சுமார் 16,000 சதுர கி.மீ. கடலூர் அதன் வால். தெற்கே கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று எல்லாமே இந்த மாவட்டக் கரையில் அல்லது எல்லையில் வந்து முடிகின்றன. வடிகால் மாவட்டம் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை.

2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. விநாடிக்குச் சுமார் 4,760 கன மீட்டர். அந்த வேகத்தில் 99 நிமிடத்துக்கு ஒரு டி.எம்.சி. போகும். அணையின் மொத்தக் கொள்ளளவே 7.32 டி.எம்.சி., அதாவது பன்னிரண்டு மணி நேர ஓட்டம். கொள்ளளவு என்பது பருமன், வெள்ளம் என்பது வீதம். பெரிய வீதத்தின் முன் நடுத்தர அணை நிரம்பிய பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். வெள்ள அலை கீழே வரவர உச்சி தணிந்து, காலம் நீளும். அந்தப் பயண நேரத்தைக் கணிப்பது வெள்ள வழிப்படுத்தல். மஸ்கிங்கம் முறை பாடத்தில் வருவது இதற்குத்தான்.

கடைசியில் கடல். முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருந்தால், அல்லது புயலில் கடல்மட்டம் ஏறியிருந்தால், ஆற்று நீர் வெளியேற முடியாமல் பின்னோக்கித் தேங்கும். ஆற்றின் சரிவு 3,000-க்கு 1 என்றால் கடலில் ஏறும் ஒரு மீட்டர் ஏறத்தாழ 3 கி.மீ. உள்ளே வரை தெரியும். அந்தப் பகுதியில் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து ஓட்டத்தைச் சொல்லும் மட்ட-ஓட்ட வளைவு செல்லாது. ஒரே மட்டத்துக்குக் கடல் ஏற்றத்தில் ஓர் ஓட்டம், வற்றத்தில் வேறோர் ஓட்டம். அளவை நிலையம் ஓதம் எட்டாத மேல்பகுதியில்தான் இருக்க வேண்டும்.

'100 ஆண்டு வெள்ளம்' வந்துவிட்டால் இன்னும் 100 ஆண்டுக்குக் கவலை இல்லையா?

அப்படி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவை எட்டவோ தாண்டவோ நூற்றில் ஒரு வாய்ப்பு, போன ஆண்டு வந்ததா என்பது கணக்கில் வராது. 30 ஆண்டு நிற்கப்போகும் கட்டுமானத்தை 100 ஆண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தாலும், அந்த 30 ஆண்டில் ஒரு தடவையாவது அது மீறப்படும் வாய்ப்பு 26 சதவீதம் (0.99-ஐ 30 அடுக்காக்கி ஒன்றிலிருந்து கழியுங்கள்). 20 ஆண்டுத் தரவை வைத்துக் கும்பெல் முறையில் (உச்ச அளவுகளுக்கான நிகழ்தகவு முறை) 100 ஆண்டு மதிப்பை நீட்டுவதும் நடக்கிறது. செய்யலாம், ஆனால் நம்பிக்கை வரம்பையும் (விடை எவ்வளவு மேலே கீழே போகலாம் என்பதை) சேர்த்து எழுதுங்கள்.

நிலத்தடி நீர் வேகமாக ஓடுகிறதா? டார்சி விதியில் வரும் வேகம் உண்மையான வேகமா?

இல்லை. 25 மீட்டர் தடிமன், ஒரு கி.மீ. அகலம், ஊடுகடத்தும் திறன் நாளுக்கு 20 மீட்டர், நீர்மட்டச் சரிவு 500-க்கு 1 என்று ஒரு மணற்படுகையைக் கொள்வோம். டார்சி விதிப்படி ஓட்டம் (திறன் × சரிவு × குறுக்குப் பரப்பு) நாளுக்கு 1,000 கன மீட்டர். அதை முழுக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் நாளுக்கு 4 செ.மீ. ஆனால் தண்ணீர் மணலுக்குள் போவதில்லை, இடுக்கில் போகிறது. பயன்தரும் நுண்துளைமை 0.25 என்றால் உண்மை வேகம் 16 செ.மீ., ஆண்டுக்குச் சுமார் 58 மீட்டர். மாசு எப்போது கிணற்றை எட்டும் என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது வேகமே வேண்டும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் அடைபட்ட நீர்ப்படுகை இருக்கிறது. மேலுள்ள மண்ணை அகற்றும்போது கீழிருந்து நீர் சுரங்கத் தரையைப் பிளக்கப் பார்க்கும். அதனால் அந்த அழுத்தத்தைக் குறைக்க இடைவிடாமல் இறைக்கிறார்கள். அடைபட்ட படுகை என்றால் என்ன என்று புரியாதவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பக்கத்தில் கிடையாது.

கரையோரப் போர்வெல் உப்பாகிவிட்டது. கடல்நீர் வந்துவிட்டது என்று எழுதலாமா?

உடனே எழுத வேண்டாம். கைபன்-ஹெர்ஸ்பெர்க் தொடர்புப்படி நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் எல்லை கடல்மட்டத்துக்குச் சுமார் 40 மீட்டர் கீழே இருக்கும். இறைத்து அந்த ஒரு மீட்டரைத் தொலைத்தால் எல்லை மேலேறும். ஆனால் இது திறந்த (மேலே களிமண் மூடாத) படுகைக்கான, ஓட்டமற்ற நிலைக்கான கணக்கு. புதுச்சேரியில் வண்டல், கடலூர் மணற்கல், அதற்கும் கீழே பழைய மணற்கல் என்று அடுக்கடுக்காகப் படுகைகள், நடுவே களிமண். எந்த ஆழத்தில் வடிகட்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் 40 மடங்கு போட முடியாது.

முதலில் மோட்டாரை ஓடவிட்டு, மின்கடத்துதிறன் நிலையாகும் வரை காத்திருந்து மாதிரி எடுங்கள். குளோரைடையும் பைகார்பனேட்டையும் அளந்து விகிதம் பாருங்கள். குளோரைடு பெரிதும் ஓங்கியிருந்தால் கடல்நீர்ச் சந்தேகம் வலுக்கும். குடிநீருக்குக் குளோரைடின் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 250 மி.கி., வேறு வழியில்லாத இடத்தில் 1,000. பக்கத்துக் கிணறுகளில் ஒரே ஆழத்தில் உள்ளவையும் உப்பா என்று பாருங்கள். இந்த ஒன்று மட்டும் உப்பு, மற்றவை நன்னீர் என்றால், துருப்பிடித்த உறைக்குழாய் வழியே மேலுள்ள உவர்நீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இறால் குட்டை, உப்பளம், உப்பனாற்றுக் கழி பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு அளவாவது இல்லாமல் போக்கு பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.